ஒரு நிறுவல், பல குடித்தனங்கள்

(கல்லூரி ஆசிரியர்கள், நூலகர்கள், மாணவர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். தமிழ்த் துறைக்கு ஒரு வலைப்பூ வேண்டும். பொருளியல் துறைக்கு ஒன்று வேண்டும். நூலகத்துக்கு, நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு, மாணவர் மன்றத்துக்கு என்று கேட்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வழக்கமாக நடப்பது என்ன? ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து ஏதாவது ஓர் இலவசச் சேவையில் ஒன்றைத் தொடங்குவார். நன்றாகவே நடத்துவார். அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். அடுத்து வருபவர் புதிதாக இன்னொன்றைத் தொடங்குவார். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் ஒரே துறையின் பெயரில் மூன்று வலைப்பூக்கள் பாதியில் நிற்கும். அவற்றில் உள்ள கருத்தரங்கக் கட்டுரைகளையும் படங்களையும் மீட்க ஆள் இருக்காது.

சரி, கல்லூரியே ஹோஸ்டிங் வாங்கி, ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூ மென்பொருளை நிறுவிக் கொடுக்கட்டும் என்றால், பன்னிரண்டு துறைக்குப் பன்னிரண்டு நிறுவல். ஒரு அப்டேட் வந்தால் பன்னிரண்டு இடத்தில் போட வேண்டும். பதினொன்றில் போட்டுவிட்டு ஒன்றை மறந்தால், வெளியாள் உள்ளே வர அந்த ஒன்று போதும்.

இந்த இடத்தில்தான் மல்டிசைட் வருகிறது. வேர்ட்பிரஸை ஒரே ஒரு முறை நிறுவுகிறோம். அந்த ஒரே நிறுவலுக்குள் எத்தனை வலைப்பூ வேண்டுமானாலும் திறக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, தனித் தோற்றம், தனி ஆசிரியர் குழு. இதை நிறுவுவது சுலபம், ஒரு மாலைப்பொழுது போதும். சாவி யார் கையில் இருக்கப் போகிறது, வெளியேற நினைப்பவர் எப்படி வெளியேறுவார் என்ற இரண்டையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட்டு இதில் இறங்குங்கள் என்பதுதான் இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதை விளக்கத்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. பிரான்சைச் சேர்ந்த மிஷேல் வால்ட்ரிகி 2001-இல் பி2 என்ற வலைப்பூ மென்பொருளை எழுதினார். ஒரு கட்டத்தில் அதன் வளர்ச்சி நின்றுபோனது. அமெரிக்காவில் பத்தொன்பது வயது மாட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தில் மைக் லிட்டிலும் அந்த நிரலை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வெளியானது. அதே பி2-விலிருந்து இன்னொரு கிளையும் பிரிந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த டோனகா ஓ கீவ், ஒரே நிறுவலில் பலர் வலைப்பூ வைத்துக்கொள்ளும்படி பி2-வை மாற்றி எழுதினார். அதற்கு பி2++ என்று பெயர். அதுவே பின்னால் வேர்ட்பிரஸ் எம்யூ ஆயிற்று. 2005-இல் தொடங்கிய வேர்ட்பிரஸ்.காம் சேவை எழுந்தது இந்த எம்யூவின் மேல்தான். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஃபார்மர் ஆசிரியர்களுக்காக எடுபிளாக்ஸ் சேவையைத் தொடங்கினார். அதுவும் பின்னர் இதே அடித்தளத்தில்தான் வளர்ந்தது. 2010 ஜூன் 17 அன்று வெளிவந்த வேர்ட்பிரஸ் 3.0-இல் எம்யூ தாய் மென்பொருளோடு இணைந்துவிட்டது. அன்றிலிருந்து நாம் இறக்கிக்கொள்ளும் ஒவ்வொரு வேர்ட்பிரஸுக்குள்ளும் இந்த வசதி உறங்கிக்கொண்டிருக்கிறது. எழுப்பினால் போதும்.

எழுப்பும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கோப்புகளுக்கும் டேட்டாபேஸுக்கும் முழு பேக்கப். கூடுதல் வசதி தரும் ப்ளகின்களையெல்லாம் நிறுத்தி வையுங்கள். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் மல்டிசைட்டை அனுமதிக்கும் ஒரு வரியைச் சேர்த்தால், கருவிகள் பட்டியலில் 'நெட்வொர்க் செட்டப்' என்ற புதிய பக்கம் தோன்றும். அங்கே ஒரே ஒரு முக்கியமான கேள்வி கேட்கும். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். பதில் சொன்னதும் இரண்டு துண்டு நிரலைத் தரும். ஒன்றை அதே கான்ஃபிக் கோப்பிலும், மற்றொன்றை எச்டிஆக்சஸ் கோப்பிலும் ஒட்ட வேண்டும். உங்கள் சர்வர் என்ஜின்எக்ஸ் என்றால் அது எச்டிஆக்சஸைப் படிக்காது. சர்வர் அமைப்பிலேயே விதிகளை எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு மீண்டும் லாகின் செய்தால் மேல்பட்டையில் 'என் தளங்கள்' என்று வந்து நிற்கும். அவ்வளவுதான்.

இப்போது உள்ளே போய்ப் பார்ப்போம். இது எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் தவறுகள் பாதியாகக் குறையும். பழைய ஊர்களில் ஒண்டுக்குடித்தனம் என்று இருந்ததே, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நடுமுற்றமும் கிணறும் பொது. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஓர் அறை, ஒரு அடுப்படி. வீட்டுக்காரர் ஒருவர். மல்டிசைட்டின் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் இதே ஏற்பாடுதான். முதல் தளத்தின் பதிவுகள் 'டபிள்யூபி_போஸ்ட்ஸ்' என்ற அட்டவணையில் இருக்கும். அடுத்து திறக்கும் தளத்துக்கு 'டபிள்யூபி_2_போஸ்ட்ஸ்', அதற்கடுத்ததற்கு 'டபிள்யூபி_3_போஸ்ட்ஸ்'. பதிவுகள், பின்னூட்டங்கள், பகுப்புகள், அமைப்புகள் என்று ஒவ்வொரு தளத்துக்கும் பத்து அட்டவணைகள் தனியாக உருவாகும். நூறு தளம் திறந்தால் ஆயிரம் அட்டவணைகள். படங்களும் அப்படியே: 'அப்லோட்ஸ்' கோப்புறைக்குள் 'சைட்ஸ்', அதற்குள் 2, 3, 4 என்று எண்ணிட்ட கோப்புறைகள்.

பயனர் அட்டவணை மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. தமிழ்த் துறையில் எழுதும் ஆசிரியர் நூலக வலைப்பூவிலும் எழுத வேண்டுமானால் இரண்டாவது கணக்கு தேவையில்லை. ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஆனால் ஓர் இடத்தில் உரிமை இருப்பதால் மற்ற இடத்தில் தானாக வந்துவிடாது. 'தளம் 2-இல் இவர் ஆசிரியர், தளம் 5-இல் பங்களிப்பாளர்' என்று தளத்தின் எண்ணோடு சேர்த்துத்தான் அவருடைய உரிமை பதியப்படுகிறது. மிக நேர்த்தியான ஏற்பாடு இது. ஓய்வு பெற்ற ஆசிரியரின் கடவுச்சொல்லோடு வலைப்பூ காணாமல் போகும் கதை இதோடு முடிகிறது. பொறுப்பை இன்னொருவருக்கு மாற்ற ஒரு நிமிடம் போதும். எழுதியவர் பெயரும் எழுத்தும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்தது அதிகாரம். இங்கே நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். பூசல்கள் கிளம்பும் இடம் இதுதான்.

சாதாரண வேர்ட்பிரஸில் அட்மின் என்றால் எல்லாம் செய்யலாம். மல்டிசைட்டில் அவருக்கு மேலே சூப்பர் அட்மின் ஒருவர் வந்துவிடுகிறார். ப்ளகின்களையும், தோற்றத்தைத் தரும் தீம்களையும் நிறுவும் உரிமை சூப்பர் அட்மினுக்கு மட்டுமே. துறையின் அட்மின், நிறுவி வைத்தவற்றிலிருந்து அனுமதிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ப்ளகின் பட்டியலே அவர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கவும் முடியும். தன் குழுவில் ஒருவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் துறை அட்மினால் அதை மாற்றிக் கொடுக்க முடியாது. கணக்கு பொதுவானது என்பதால் அந்த உரிமையும் மேலேதான்.

ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பொருளியல் துறைப் பேராசிரியர் ஒருவர் கருத்தரங்கப் பதிவுப் படிவத்தைக் கூகுளில் தயாரித்து, அது தரும் ஐஃப்ரேம் நிரலைத் தன் பதிவில் ஒட்டுகிறார். சேமித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் படிவம் இல்லை. மறுபடி ஒட்டுகிறார், மறுபடியும் மறைகிறது. பிழைச்செய்தி ஒன்றும் வராது. தன் சொந்தத் தளத்தில் இதையே செய்திருந்தால் வேலை செய்திருக்கும். இங்கே ஏன் மறைகிறது? மல்டிசைட்டில் சூப்பர் அட்மினைத் தவிர யார் எழுதினாலும் ஐஃப்ரேமும் ஸ்கிரிப்டும் வடிகட்டப்படும். லாகின் பொதுவாக இருப்பதால், ஒரு வலைப்பூவில் யாராவது தீய ஸ்கிரிப்டை வைத்து, சூப்பர் அட்மின் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டால், அவருடைய முழு அதிகாரத்தோடும் அந்த ஸ்கிரிப்ட் எல்லாத் தளங்களிலும் புகுந்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் இந்த வடிகட்டி. யூட்யூப் போன்ற சில தளங்களின் முகவரியை மட்டும் தனி வரியில் ஒட்டினால் வேர்ட்பிரஸே காணொளியைக் காட்டிவிடும். கூகுள் படிவத்துக்கு அந்த வழி இல்லை. அதற்கென ஒரு ப்ளகினைச் சூப்பர் அட்மின் நிறுவித் தர வேண்டும். காரணத்தைச் சொன்னால் பேராசிரியர் புரிந்துகொள்வார். சொல்லாமல் விட்டால், தன் கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று கோபப்பட்டுத் தனி வலைப்பூ தொடங்கப் போய்விடுவார். அப்படிப் போகிறவர்மேல் எனக்குக் குறையில்லை. விளக்கிச் சொல்ல வேண்டியது சூப்பர் அட்மினின் கடமை.

படங்களின் அளவும் இப்படித்தான். நெட்வொர்க் அமைப்பில் ஒரு கோப்புக்கு 1500 கிலோபைட் என்ற வரம்பு ஆரம்பத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய கைபேசி எடுக்கும் ஒரு படமே பெரும்பாலும் அதைத் தாண்டும். முதல் நாளே அதை உயர்த்திவிடுங்கள். கூடவே ஒவ்வொரு தளத்துக்கும் மொத்த இட வரம்பு ஒன்றையும் வையுங்கள். இல்லையென்றால் ஆண்டு விழா ஆல்பம் ஒன்றே சர்வரை நிரப்பிவிடும்.

நெட்வொர்க் செட்டப் பக்கம் கேட்கும் கேள்விக்கு இப்போது வருவோம். தளங்களின் முகவரி எப்படி அமைய வேண்டும் என்று அது கேட்கும். 'நூலகம்.கல்லூரி' என்பதுபோல் முன்னால் வரும் சப்-டொமைனா, 'கல்லூரி/நூலகம்' என்பதுபோல் பின்னால் வரும் துணைக்கோப்புறையா? சப்-டொமைன் என்றால், முகவரிகளைச் சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் நட்சத்திரக் குறியிட்ட பொதுப்பதிவு வேண்டும். மலிவான ஹோஸ்டிங்குகளில் அது கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சான்றிதழும் எல்லாச் சப்-டொமைனுக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2018 மார்ச் முதல் இத்தகைய சான்றிதழை இலவசமாகத் தருகிறது. ஆனால் டொமைன் உங்களுடையதுதான் என்பதை டிஎன்எஸ் பதிவு வழியாகத்தான் நிரூபிக்க வேண்டும், புதுப்பிக்கும்போதும் அப்படியே. துணைக்கோப்புறைக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது.

ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தளத்தில், ஒரு மாதத்துக்கு முந்தைய பதிவுகள் இருந்தால், வேர்ட்பிரஸ் துணைக்கோப்புறை முறையைக் கொடுக்க மறுக்கும். உங்கள் பழைய தளத்தில் 'நூலகம்' என்று ஒரு பக்கம் இருந்து, அதே பெயரில் புதிய தளமும் திறந்தால் இரண்டும் ஒரே முகவரியில் மோதும். அதனால்தான் இந்தத் தடை. புதிய நிறுவலிலும், முதன்மைத் தளத்தின் பதிவு முகவரிகளில் 'பிளாக்' என்ற சொல்லை நுழைத்துவிடும். அதுவும் இதே காரணத்தால்தான். கல்லூரிக்கென்று நல்ல தொழில்நுட்பப் பொறுப்பாளர் இருந்தால் சப்-டொமைனைத் தேர்ந்தெடுங்கள் என்றே சொல்வேன். இரண்டு ஆண்டு கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அதற்குள் வெளியே பரவியிருக்கும் இணைப்புகள் அத்தனையும் அறுந்துபோகும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே இரண்டு செய்திகள் உண்டு. பயனர் பதிவுப் படிவத்தில் தளத்தின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலும் எண்களிலும் மட்டுமே கொடுக்க முடியும். நான்கு எழுத்துக்குக் குறையவும் கூடாது. ஆகவே 'பொருளியல்' என்பதை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று முதலிலேயே ஒரே முறையாக முடிவு செய்துவிடுங்கள். ஆளுக்கொரு விதமாக எழுதினால் முகவரியை வாயால் சொல்லி வழிகாட்டவே முடியாது.

இரண்டாவது, மல்டிசைட்டுக்கு வெளியிலும் வேர்ட்பிரஸ் முழுமைக்கும் பொருந்துவது. பதிவின் தலைப்பிலிருந்து முகவரியை உண்டாக்கும்போது அதற்கு 200 இடம்தான் ஒதுக்கீடு. தமிழ் யுனிகோட் குறி ஒவ்வொன்றும் முகவரிக்காக மாற்றப்படும்போது ஒன்பது இடத்தை அடைக்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். 'தமிழ்நாட்டுப் பொருளாதாரம்' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். முதல் சொல்லில் 13 குறிகள், 117 இடம். இடைவெளிக்கு ஒன்று. மிச்சம் 82 இடத்தில் ஒன்பது குறிகள்தான் கொள்ளும். முகவரி 'பொருளாதார' என்று நின்றுவிடும், கடைசி 'ம்' விழுந்துவிடும். இரண்டே சொல் தலைப்புக்கே இந்தக் கதி. பதிவை வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் ஒரு சிறு சொல்லைத் தட்டிவிடுவது நல்ல வழக்கம்.

மொழியைப் பொறுத்தவரை நமக்கு வசதிதான். ஒரே நெட்வொர்க்கில் ஒரு தளம் தமிழிலும் இன்னொன்று ஆங்கிலத்திலும் இருக்கலாம். 4.7 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பயனரும் தன் நிர்வாகப் பக்கங்களின் மொழியைத் தானே தேர்ந்துகொள்ள முடிகிறது.

யாருக்கு இது வேண்டாம்? செலவு மிச்சமாகும் என்பதற்காக, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத நான்கு நண்பர்கள் தங்கள் நான்கு தளங்களை ஒரே மல்டிசைட்டில் போடுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். எல்லாரும் ஒரே நிரலில் ஓடுகிறார்கள். ஒரு ப்ளகினில் ஓட்டை விழுந்தால் நான்கு பேருக்கும் ஆபத்து. ஒருவருடைய தளத்துக்குத் திடீரென்று கூட்டம் வந்தால் நான்கும் மெதுவாகும். அவர்களில் ஒருவர் மட்டும் சூப்பர் அட்மின். அவருக்கு மற்ற மூவரின் எழுத்துகள் மீதும், தனிப்பதிவுகள் உட்பட, முழு அதிகாரம். நட்பு இருக்கும்வரை சரி. பிறகு? சட்டப்படியும் நடைமுறையிலும் ஒரே பொறுப்பின் கீழ் வரும் கல்லூரி, செய்தித்தாள், நூலக அமைப்பு, பல கிளைகள் கொண்ட சங்கம் போன்றவற்றுக்கே இது பொருந்தும்.

பல்கலைக்கழகங்கள் இதை எப்படிப் பயன்படுத்தின என்பது நமக்கு நல்ல பாடம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். நகரெங்கும் சிதறிக் கிடக்கும் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் சந்தித்துக்கொள்ள 2009-இல் 'அகாடமிக் காமன்ஸ்' என்ற தளத்தை அன்றைய வேர்ட்பிரஸ் எம்யூவில் கட்டினார்கள். வலைப்பூக்களோடு குழுக்களையும் சேர்த்தார்கள். தாங்கள் கட்டியதை மற்றவர்களும் நிறுவிக்கொள்ள 2012-இல் இலவசத் தொகுப்பாகவே வெளியிட்டார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனம் ஒன்று இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று மனதாரச் சொல்வேன்.

வர்ஜீனியா மாநிலத்தில் மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி யோசித்தது. 2007-இல் அங்கே எல்லா மாணவருக்கும் ஆசிரியருக்கும் திறந்த வலைப்பூ அமைப்பு தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஜிம் க்ரூம் முக்கியமானவர். வகுப்புக்கு ஒரு வலைப்பூ, மாணவருக்கு ஒரு வலைப்பூ என்று அது பெருகியது. அங்கேயும் ஒரு கேள்வி எழுந்தது: படிப்பு முடிந்து போகும் மாணவரின் எழுத்து யாருடையது, அவர் அதை எங்கே எடுத்துச் செல்வார்? 2012-இல் சோதனையாகத் தொடங்கி 2013-இல் விரிவாக்கிய திட்டத்தில், மாணவருக்கே சொந்த டொமைனும் ஹோஸ்டிங்கும் கொடுத்தார்கள். பட்டம் பெற்றுப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோகலாம். பொது அமைப்பை நன்றாக நடத்தியவர்களே அதன் எல்லையையும் உணர்ந்து, எழுதுபவருக்குச் சொந்த இடம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நம் கல்லூரிகளில் மல்டிசைட் திறக்கும் ஒவ்வொருவரும் இந்த முடிவை முதல் நாளே மனதில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆகவே வெளியேறும் வழியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 4.5 பதிப்பிலிருந்து, நெட்வொர்க்குக்குள் இருக்கும் எந்தத் தளத்துக்கும் அதன் சொந்த டொமைனையே முகவரியாகக் கொடுக்கலாம். தனி ப்ளகின் தேவையில்லை. பின்னாளில் பிரிந்து போகக்கூடும் என்று தோன்றும் குழுவுக்கு, உதாரணமாக ஒரு சிற்றிதழுக்கு, தொடக்கத்திலேயே சொந்த டொமைன் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். எங்கே போனாலும் வாசகர் அதே முகவரியில் வருவார்.

போகிறவர் கருவிகள் பட்டியலில் உள்ள ஏற்றுமதியை அழுத்தினால் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு கிடைக்கும். அதில் பதிவுகள், பக்கங்கள், பின்னூட்டங்கள், பகுப்புகள், எழுதியவர் பெயர்கள் எல்லாம் இருக்கும். படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். புதிய இடத்தில் இறக்குமதி செய்யும்போது அந்தப் பழைய முகவரிகளுக்குப் போய்த்தான் படங்களை இழுத்துக்கொள்ளும். ஆகையால் இறக்குமதி முடிந்து, ஒவ்வொரு பதிவிலும் படம் வந்திருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யும்வரை பழைய தளம் திறந்திருக்க வேண்டும். தீம் அமைப்புகளும் ப்ளகின்களின் சொந்த அட்டவணைகளும் இந்தக் கோப்பில் வராது; அவற்றைக் கையால்தான் மறுபடி அமைக்க வேண்டும். சொந்த டொமைன் இல்லாமல் கல்லூரி முகவரியிலேயே இருந்தவர் போகும்போது, பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதிய முகவரிக்கு அனுப்பும் நிரந்தரத் திசைமாற்றத்தைக் கல்லூரி போட்டுக் கொடுக்க வேண்டும். அதைக் கடமையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

சூப்பர் அட்மினுக்கு ஒரு வேண்டுகோள். நெட்வொர்க்கின் தளப் பட்டியலில் 'ஆர்க்கைவ்' என்றும் 'டிலீட்' என்றும் அருகருகே இருக்கும். ஆர்க்கைவ் செய்தால் தளம் வாசகருக்கு மூடப்படும், எழுத்தும் படமும் அப்படியே இருக்கும், வேண்டியபோது திறக்கலாம். நிரந்தரமாக டிலீட் செய்தால் அந்தத் தளத்தின் அட்டவணைகளும் படக் கோப்புறையும் சேர்ந்தே அழியும். செயல்படாத துறை வலைப்பூவைக் கண்டால் ஆர்க்கைவ் செய்யுங்கள், அந்தத் துறையில் யாருக்காவது கடிதம் எழுதுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள்.